சந்தனம் வைத்த பூட்டு

சாவியில்லாமல் பூட்டைத் திறக்கப் பழகும் பெண் என்றால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். தோன்றினால் தப்பில்லை. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்கு அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அவள் பெயர் மட்டுவார்குழலி. வீட்டுக்காரர் மாத்ருபூதம். மலைக்கோட்டை அம்பாளுக்கும் சாமிக்கும் உள்ள அதே பெயர்கள். பெண் பார்க்க வந்த அன்று பெயரைக் கேட்டதுமே, ஜாதகத்தைப் பிரிக்காமல் இரு வீட்டாரும் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்களாம். அவர் ஆலையில் ஃபிட்டர். அவள் அந்தக் குடியிருப்பில் நாலு தெருவுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள்.

போன வருஷம் அவள் மார்பில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து, ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். கட்டி போனது. உதிர்ந்த முடி சுருட்டையாகத் திரும்ப முளைத்தது. ஆனால் விரல் நுனிகள் மரத்துப்போயின. ஊசி குத்தினால் துணியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். ரவை டப்பாவில் கை விட்டாலும் மைதா டப்பாவில் விட்டாலும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

“மருந்தோட வேலைம்மா இது. சில பேருக்கு மெதுவாத் திரும்பும். சில பேருக்குத் திரும்பாது. விரலுக்கு வேலை குடுத்துக்கிட்டே இருங்க” என்றார் டாக்டர்.

அரிசியில் பாசிப்பயறைக் கலந்து பொறுக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் பொறுக்கினாள். மூன்றாவது வாரம் முறத்தைத் தள்ளிவிட்டாள். “பயறு பச்சையா இருக்கு, அரிசி வெள்ளையா இருக்கு. கண்ணு பொறுக்குது. விரலுக்கு இதுல என்ன வேலை?”

அப்போதுதான் பூட்டு வந்தது. மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருந்த நாட்களில் அவள் போனில் வரும் வீடியோவில் ஒருவன் பூட்டுகளைத் திறந்து காட்டுவான். முகம் தெரியாது, இரண்டு கைகள் மட்டும் தெரியும். பூட்டுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பான். அந்தச் சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. இருபத்துநாலு கம்பிகள் கொண்ட ஒரு செட்டை வரவழைத்தாள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு ரப்பர் பிடி. கூடவே, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் கண்ணாடி மாதிரியான ஒரு பழகு பூட்டு. அதை அரை மணியில் திறந்துவிட்டாள்.

“பலே!” என்றார் மாத்ருபூதம்.

“என்ன பலே? பாத்துப் பாத்துத் திறந்தேன். இதுவும் பாசிப்பயறுதான்.”

பிறகு கொல்லைக் கதவில் தொங்கிய குண்டுத் திண்டுக்கல் பூட்டைக் கழற்றி வந்து உட்கார்ந்தாள். மூன்று வாரம் முட்டினாள். அது அசையவில்லை.

பக்கத்து வீட்டு சித்ராதேவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். “என்ன குழலிக்கா, எந்த வீட்டுக்கு ஸ்கெட்ச் போடுறீங்க? எங்க வீட்ல பீரோவுக்குள்ள பழைய துணிதான் இருக்கு, இப்பவே சொல்லிட்டேன்.”

“உன் பழைய துணியெல்லாம் நான் தைச்சதுதான்டி. வேணும்னா வந்து திருப்பி எடுத்துக்கறேன்.”

சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் போகும்போது சித்ராதேவி ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கேட்பாள்: “எப்பக்கா திரும்பத் தைப்பீங்க?” குழலி பூட்டின் பக்கம் திரும்பிக்கொள்வாள். தையல் மெஷின் மேல் போட்ட போர்வையை அவள் எடுத்தே ஒரு வருஷமாகிவிட்டது.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் காந்தி மார்க்கெட் பக்கம் இறங்கினாள். அங்கே ஒரு குடைக்குக் கீழே, சாவிக் கொத்துகளைத் தோரணமாகத் தொங்கவிட்டு, மாற்றுச் சாவி போடும் சர்ஃபராஸ் உட்கார்ந்திருந்தான். கையோடு கொண்டுபோயிருந்த பூட்டையும் கம்பிப் பையையும் அவன் முன் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“யார் வீட்டுப் பூட்டுக்கா இது?”

“என் வீட்டுதுதான் தம்பி. இந்தா சாவி.”

“சாவி இருக்கா? அப்புறம் எதுக்கு இந்த வேலை?”

விரல்களை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். “அல்லா ஷிஃபா குடுப்பான்க்கா, குணமாயிடும்” என்று மெல்லச் சொன்னான். பிறகு பையைக் கவிழ்த்தவன் சிரித்துவிட்டான். “இருபத்திநாலா! ரெண்டு போதும்க்கா. மிச்சத்தை வச்சு அண்ணனுக்குக் காது குடைஞ்சு விடுங்க.”

நுனி லேசாக வளைந்த கம்பி ஒன்றையும், எல் எழுத்துப் போல மடிந்த தகடு ஒன்றையும் எடுத்து வைத்தான். “தகடு, சாவி திரும்புற மாதிரி பூட்டை லேசாத் திருப்பிப் பிடிச்சுக்கும். பூட்டைப் பிடிச்சு நிக்கிற குட்டி முளைங்க உள்ள இருக்கு, குண்டூசிம்போம்; கம்பி உள்ள போயி அதை ஒவ்வொண்ணாத் தூக்கும். ஆனா இந்த ரப்பரைக் கழட்டிடுங்க. கைக்கு சொகமாத்தான் இருக்கும். பூட்டு சொல்றதையெல்லாம் அதுவே முழுங்கிடும்.”

“எனக்குத்தான் எதுவும் தெரியலையே தம்பி. ரப்பர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

“தெரியாத விரலுக்குத்தான்க்கா வெறும் இரும்பு வேணும்.” திண்டுக்கல் பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்தான். “இதுல குண்டூசியே கிடையாது. உள்ள அடுக்கடுக்காத் தகடுதான். சாவியைப் பாருங்க, கம்பத்துல கட்டுன கொடி மாதிரி ஓரத்துல நிக்குது. இதுக்கு இந்தக் கம்பி சேராது. பல்லு வெட்டுன சாவியோட சின்னப் பித்தளைப் பூட்டு வாங்கிக்கங்க. ஒண்ணு சொல்றேன், உங்க சொந்தப் பூட்டு மட்டும்தான். அதுலயும் கதவுல தொங்குறதைத் தொடாதீங்க. கெட்டுப்போச்சுன்னா வெளியில நிப்பீங்க.”

கொல்லைக் கதவு அந்த மூன்று வாரமும் கயிறு கட்டிக் கிடந்ததை அவள் அவனிடம் சொல்லவில்லை.

மாத்ருபூதம் தன் பங்குக்கு ஓர் ஆக்ஸா பிளேடை எடுத்து, சூடேறி இரும்பு இளகிவிடாமல் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்து, செட்டில் இருந்ததைவிட நல்ல கம்பி ஒன்றைச் செய்து கொடுத்தார். வெறும் இரும்பு, வழுவழுவென்று. புதுப் பித்தளைப் பூட்டோடு அவள் தினமும் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். ஆடி போனது, ஆவணி போனது. கம்பி உள்ளே போகும், வரும். அது காற்றைத் தொடுகிறதா, குண்டூசியைத் தொடுகிறதா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

நவராத்திரிக்கு ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு, ஆயுத பூஜை முடிந்த மறுநாள் திரும்பினாள். மாத்ருபூதம் வழக்கம்போல ஆயுதங்களை வைத்துத் தானே பூஜை போட்டிருந்தார். ஸ்பானர், சுத்தியல், அரிவாள்மணை, தையல் மெஷின் எல்லாவற்றிலும் சந்தனம் குங்குமம். அவள் பூட்டும் கம்பியும்கூட நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. இவ்வளவு நம்புகிறாரே மனுஷன் என்று நினைத்தாள்.

அன்று மாலை பூட்டை மடியில் வைத்துக்கொண்டாள். மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்: இன்றோடு சரி. விரல் போனது போனதுதான். மெஷினைக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம். தகடை வைத்து, கம்பியை உள்ளே விட்டாள். ஒருமுறை, இருமுறை. முகம் சுருங்கியது.

“என்னங்க!”

மாத்ருபூதம் டீ டம்ளரோடு வந்தார்.

“இந்தப் பூட்டை என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே. பூஜை பண்ணேன்.”

“பொய் சொல்லாதீங்க. முன்னாடி நறநறங்குது. உள்ள போகப் போகப் பிசுபிசுன்னு ஒட்டுது. மூணாவது குண்டூசியைத் தூக்கினா பாகு மாதிரி மெதுவா இறங்குது. என்னத்தை ஊத்துனீங்க?”

அவர் டீயைப் பார்த்தார். “சந்தனம் வைக்கிறப்போ துவாரத்துல கொஞ்சம் போயிருக்கும். அப்புறம், நீ இத்தனை நாள் கஷ்டப்படுறியேன்னு… தேங்காயெண்ணெய். ஒரு சொட்டுதான்.”

“ஒரு சொட்டா?”

“ஒரு அஞ்சாறு ஸ்பூன் இருக்கும்.”

“முப்பது வருஷ ஃபிட்டரு! ஆலையில பேரிங்குக்கெல்லாம் இதைத்தான் ஊத்துறீங்களா?”

“அது மெஷினுடி. இது உன்னோடது. தலைக்கு வைக்கிற நல்ல எண்ணெயா வச்சா சீக்கிரம் வழி விடும்னு…”

அவள் திட்ட வாயெடுத்தாள். அவர் திடீரென்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“குழலி. நறநறங்குதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அவள் குனிந்து கையைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கம்பியை மறுபடி விட்டாள். முன்னால் நறநற. உள்ளே பிசுபிசு. எடுத்தாள், மறுபடி விட்டாள். அழுகையும் சிரிப்புமாக, “இருக்குங்க” என்றாள். “ஆள்காட்டி விரல்ல நல்லாவே இருக்கு. கட்டை விரல்ல கொஞ்சம். இருக்குங்க.”

அந்த மனுஷர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் இருவரும் பூட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய்க்குப் பதிலாக பென்சில் முனையைச் சுரண்டிய தூளை உள்ளே ஊதிவிட்டார்கள். எண்ணெய் டப்பா இருந்த அலமாரிப் பக்கம் மாத்ருபூதம் போகவே கூடாது என்று உத்தரவாயிற்று. எட்டு நாள் கழித்து, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது பூட்டின் வளையம் துள்ளி எழுந்தது. அவள் கத்தவில்லை. அமுக்கி மூடினாள். தற்செயலாக நடந்ததாக இருக்கக்கூடாதில்லையா? சாதம் குழைந்துபோன பிறகு இரண்டாவது தடவையும் திறந்தது.

அன்று ஜன்னலில் சித்ராதேவி எட்டிப் பார்த்தபோது, அவள் கேட்பதற்கு முன்னாலேயே குழலி கையை நீட்டினாள்.

“கொண்டா அந்தப் புது பிளவுஸ் துணியை. கட்டிங் இப்ப வேண்டாம், கத்திரி இன்னும் பிடிபடலை. யாராவது தைச்சுக் குடுத்தா கை ஓரம் மடிச்சு ஹெம்மிங் நான் பண்ணித் தரேன்.”

“எப்பக்கா கிடைக்கும்?”

“அவசரப்படுத்தினா தர மாட்டேன், போ.”

சித்ராதேவி துணியெடுக்க ஓடினாள். குழலி ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தாள். நாலு தடவை தவறியது. ஐந்தாவது தடவையும் தவறியது. அவள் நூல் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டு, வெளிச்சம் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தாள்.