நடுத்தூண்

அப்பா இறந்த வருஷம் அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டின் நடுவே சுவர் எழுப்பினார்கள். தெற்குப் பாதி அண்ணன் ஞானராஜுக்கு. வடக்குப் பாதி தம்பி பால்துரைக்கு. வாசலில் ஓடு வேய்ந்த மரத் தாழ்வாரத்தை மட்டும் வெட்ட முடியவில்லை. ஐந்து தூண்களில் ஆளுக்கு இரண்டு. நடுத்தூண் பொது. அதனாலேயே அதற்கு யாரும் எண்ணெய் பூசவில்லை. கரையான் அடியிலிருந்து தின்றுகொண்டே ஏறியது.

அப்பா வளர்த்த நாய் சிப்பாயும் பொதுதான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன பிறகு, சொல்ல வேண்டியதை இருவரும் அதனிடம்தான் சொன்னார்கள்.

போன வருஷம் பால்துரையின் மனைவி செல்லத்தாயை அடக்கம் செய்தபோது அண்ணன் வந்து ஒரு பிடி மண் போட்டார். பால்துரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு சொல் வரும் என்று நினைத்தான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்காகவே அவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

மலையிலிருந்து மழை இறங்கிய ஒரு நாள், நடுத்தூணின் அடி ஊறிய வரட்டிபோல் உதிர்ந்தது. பால்துரை தச்சர் இருதயத்தை அழைத்து வந்தான். சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“ஏலே சிப்பாய், பாதித் தூணு என்னுதுன்னு தச்சருட்டச் சொல்லு. அதுல உளி பட்டா பொறவு நடக்கதே வேற.”

இருதயம் சிரித்துவிட்டார். “பாதித் தூண எப்படிய்யா புடுங்க? புதுசு செஞ்சு போட்டுட்டுப் போறேன். அண்ணனும் தம்பியுமா நட்டுக்கிடுங்க.”

தூண் வந்தது. பால்துரை பழைய தூணை ஒட்டி, உத்திரத்தைத் தாங்க ஒரு முட்டுக்கால் கொடுத்தான். அதன் அடியில் ஆப்பு அடித்து உத்திரத்தை உயர்த்த வேண்டும். அடிக்கும்போது முட்டுக்காலைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

“சிப்பாய், ஒத்த ஆளா முடியலன்னு சொல்லு.”

“உத்திரம் விழுந்தா என் ஓடும்லா போகும். அதுக்குத்தான் வாரேன்னு சொல்லு,” என்றபடி அண்ணன் வந்து பிடித்தார். “ஆப்பு அடிக்கானா, மாவு இடிக்கானான்னு கேளு.”

உத்திரம் ஒரு விரல் உயர்ந்தது. பழைய தூண் தானே சாய்ந்தது. பால்துரை புதியதை அடிக்கல்லில் ஏற்றி, அதன் தலையைக் கையால் தள்ளினான். முட்டுக்கால் வழுக்கியது.

“ஏலே துரை, கைய எடுலே!”

கையை இழுத்தான். உத்திரம் தடாலென்று தூணின் மேல் உட்கார்ந்தது. ஓடுகள் குலுங்கின.

அண்ணன் அவன் விரல்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு சுற்றுமுற்றும் நாயைத் தேடினார். அது பயந்து தெருவுக்கு ஓடியிருந்தது. திரும்பி உள்ளே போனார்.

பொழுது சாய்ந்தது. முட்டுக்கால் உத்திரத்தடியில் கோணலாகச் சிக்கி நின்றது. ஓர் உதை விட்டால் விழும். பால்துரை உதைக்கவில்லை. நாய் திரும்பி வரும்வரை காத்திருந்தான்.

“சிப்பாய், முட்டுக்கால எடுக்கணும். ஒத்த ஆளா முடியாதுன்னு சொல்லு.”

ஓர் உதை போதும் என்பது அண்ணனுக்கும் தெரியும். சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“காலையில மில்லுக்குப் போறதுக்கு முன்ன வாரேன்னு சொல்லு.”

பால்துரை உள்ளே போய், ஓர் ஆளுக்கான அரிசியைக் களைந்து உலையில் போட்டான்.