கேலிக்கு ஆளாகும் வாய்ப்பு: பத்துக்கு ஒன்பது

எங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் கேலி ஒழிப்புக் குழு அமைக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. குழுவுக்குத் தலைவர், எங்கள் மேலாளர். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே பூனையின் கழுத்தில் அடையாள அட்டையும் மாட்டிவிட்டார்கள்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுவது என் வேலை. என் குரல் சின்னது. மாட்டிக்கொண்டவர்களுக்கு அதைக் கேட்டால் பயம் தெளியும். மேலாளருக்குத்தான் பிடிக்காது. நான் வாயைத் திறந்தால் போதும், ஸ்டேப்ளரை மைக் மாதிரி நீட்டி, "ஊமைக்கோட்டான் பேசுது, எல்லாரும் கேளுங்கப்பா" என்பார். பள்ளிக்கூடத்திலும் எனக்கு இதே பெயர்தான். முப்பது வருஷத்தில் புதிதாக ஒரு பெயர் யோசிக்க ஒருத்தனுக்கும் துப்பில்லை.

யார் கேலிக்கு ஆளாகக்கூடும் என்று கண்டுபிடிப்பது குழுவின் முதல் வேலை. அதற்கு ஒரு படிவம். தனியாகச் சாப்பிடுவாரா? மெதுவாகப் பேசுவாரா? சட்டென்று கண் கலங்குமா? எனக்குப் பத்துக்கு ஒன்பது. கேலி செய்கிறவர்களைக் கண்டுபிடிக்கும் படிவம் இன்னும் அச்சாகவில்லையாம். "பிரச்சினை உங்ககிட்டதான் இருக்கு. நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடிச்சோம்" என்று சொல்லி, என் பாதுகாப்புக்காக என் மேசையை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் தள்ளினார் மேலாளர்.

அதே வாரம் என் மகள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஐந்தாம் வகுப்பு. பல்லுக்குக் கம்பி போட்டதிலிருந்து வகுப்பே அவளை 'இரும்பு கேட்டு' என்று கூப்பிடுகிறதாம். அவள் அம்மா வேலையாக வெளியூர் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் ஆபீசுக்கே அழைத்துப் போனேன். மத்தியானம் அவளோடு போய்த் தலைமையாசிரியையைப் பார்ப்பதாக எண்ணம்.

"சார், ரெண்டு மணி நேரம் பர்மிஷன் வேணும்..."

ஸ்டேப்ளர் வந்துவிட்டது. "கோட்டான் என்னமோ கேக்குதே! சத்தமாச் சொல்லு, கடைசி மேசைக்கும் கேக்கணும்."

கத்திக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போல நானும் சேர்ந்து சிரித்தேன். பர்மிஷன் கிடைத்தது. மகள் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், "டீச்சர்கிட்ட எதுவும் சொல்லவேணாம்ப்பா. நாளைக்கு நானே ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள். வயிற்றில் பால் வார்த்தாளே என்று சந்தோஷப்பட்டேன். என்னைப்போல முட்டாள் உண்டா?

மறுநாள் காலை சீருடையோடு கண்ணாடி முன்னால் நின்று, கம்பி தெரிய வாயைத் திறந்து சிரிப்பதும் நிறுத்துவதுமாக இருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"பழகுறேன்ப்பா. அவங்க இரும்பு கேட்டுன்னு சொன்னதும் நானும் சிரிச்சிடணும். உங்களுக்கு எவ்வளவு ஈசியா வருது!"

என் பெண்ணுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதானா? "முதல்ல என் ஆபீஸ், அப்புறம் உன் ஸ்கூல்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

மேலாளர் ஸ்டேப்ளரை நீட்டினார். "வந்துட்டாருய்யா ஊமைக்கோட்டான்!" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சார்" என்றேன், அதே சின்னக் குரலில்.

சிரிப்பு மேசை மேசையாக அடங்கியது. "என்னய்யா, ஒரு தமாஷுக்குச் சொன்னா..." என்று இழுத்தார் அவர். நான் நகரவில்லை.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, உங்க கை நடுங்குது."

"நடுங்கட்டும்மா" என்றேன்.