ஆட்டம் நின்ற வீடியோவும் மனைவியின் வலது தோளும்

மனித குலம் தன் முக்கியமான நாட்களைக் குறித்துவைக்கும் பழக்கத்தை இன்னும் கைவிடவில்லை என்றால், அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலையும் சேர்த்துக்கொள்வது நல்லது. அன்றுதான், மூன்றாம் மாடி வீடு ஒன்றில், பழைய வீடியோக்களின் ஆட்டத்தைக் கணவர் கம்ப்யூட்டரில் சரிசெய்து முடித்த கையோடு, மனைவிக்கு வலது தோளும் அதற்குக் கீழே இருந்த கையும் இல்லாமல் போயின. ரத்தம் இல்லை, வலி இல்லை. ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல ஓரம் நேராக இருந்தது. அவள் அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தை ஒரு கையால் மடித்து அலமாரியில் வைத்தாள்.

கணவர் தணிக்கை அலுவலகத்தில் மேற்பார்வையாளர். சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு டைரக்டர் என்று பெயர். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். இரண்டாவது பாதி மட்டும் அவர் காதில் விழுந்ததே இல்லை. கல்யாணமான புதிதில் கேமரா வாங்கியதிலிருந்து, குடும்பத்தில் யாரும் அவருக்குத் தப்பிப் பிறந்தநாள் கொண்டாடியதில்லை, வீடு மாறியதில்லை, ஊருக்குக் கிளம்பியதில்லை. அந்த வீடியோக்கள் எல்லாமே நிலநடுக்கத்தின்போது எடுத்ததுபோல இருக்கும். யாராவது சுட்டிக்காட்டினால், ஆடாத கேமராவுக்கு உயிரில்லை என்பார். இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு அத்தனையையும் ஒரே படமாகக் கோத்து, உறவினர்களை உட்காரவைத்துப் பெரிய திரையில் காட்டுவதாக ஏற்பாடு. வெள்ளோட்டம் பார்த்த மகள் பாதியில் எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடினாள். திரும்பி வந்து, "அப்பா, அன்னிக்கு எல்லாருக்கும் ஆளுக்கொரு வாந்தி கவர் குடுத்துடுங்க, மலைப் பாதை பஸ்ல குடுப்பாங்களே அந்த மாதிரி" என்றாள்.

அதன் பிறகே ஆட்டத்தை நிறுத்தும் வசதியை அவர் கையிலெடுத்தார். அதற்கு ஸ்டெபிலைசர் என்று பெயர் என்றதும் மனைவி, "ஃப்ரிட்ஜுக்கு மாட்டுறதா?" என்று கேட்டாள். உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டார். விஷயம் எளிதானதுதான். படம் இடது பக்கம் ஆடினால் மென்பொருள் அதை வலது பக்கம் இழுக்கும். இழுத்த இடத்தில் விழும் வெற்றிடம் தெரியாமலிருக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரங்களை வெட்டிவிடும். வெட்டலாமா என்று திரையில் ஒரு கேள்வியும் வந்தது. அலுவலகத்தில் அடுத்தவர் எழுதிய ஒரு வரியைக்கூட மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போடாத மனிதர், அதைப் படிக்காமலே சரி என்று அழுத்தினார். ஆட்டத்தை எவ்வளவு நிறுத்துவது என்ற அளவையும் கடைசிவரை தள்ளினார்.

தோள் போனது தெரிந்ததும் அளவைப் பாதிக்குக் குறைத்துப் பார்த்தார். மனைவிக்கு முழங்கைவரை திரும்பியது. ஆனால் வீடு ஆட ஆரம்பித்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தபோது விரல்கள்கூட வந்துவிட்டன. ஆனால் சுவரில் காரை உதிர்ந்தது, மகள் கதவைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, வீட்டுக்குள்ளே ரயில் ஓட்டுறீங்களா சார் என்று விசாரித்தார். "பழையபடி ஏத்திடுங்க. ஒரு கையால சமாளிச்சுக்கறேன்" என்றாள் மனைவி. அவரும் ஏற்றினார். அவள் சொன்னது பெரிதில்லை. சொன்ன உடனே, ஒரு பேச்சுக்குக்கூட மறுக்காமல், தான் ஏற்றியதுதான் அவரைப் பிறகு அரித்தது. பக்கத்து அறையில் அவள் ஒற்றைக் கையால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கம்ப்யூட்டரின் முன்னால் முதுகை இன்னும் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்.

உதவி எண்ணில் பேசிய பெண் பொறுமைசாலி. "ஓரம் வெட்டுப்படறது நார்மல்தான் சார். போன பகுதியில முக்கியமா ஏதாவது இருந்துச்சா?"

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்காரிதான்."

தன் வாயிலிருந்து வந்ததை அவரே அப்போதுதான் கேட்டார். அந்தப் பெண், எதை அசையாமல் வைக்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் மென்பொருள் தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் என்று விளக்கினாள். பார்த்தபோது அது ஃப்ரிட்ஜைத் தேர்ந்தெடுத்திருந்தது. "மேடம் முகம் முழுசா தெரியற ஒரு கிளிப்ப எடுத்து, அதுல முகத்து மேல புள்ளி வைங்க சார். சரியாயிடும்."

முகம் முழுதாகத் தெரியும் கிளிப்பைத் தேடிப் பல வாரங்கள் போயின. மச்சான் கேக் ஊட்டும் இடத்தில் தட்டை நீட்டும் ஒரு கை இருந்தது. புது வீட்டின் வாசலில் எல்லோரும் சிரிக்க, பின்னால் பெட்டியோடு ஒரு பாதித் தோள் கடந்துபோனது. மகள் முதன்முதலாக நடந்தபோது அவளைப் பிடித்திருந்தவை மணிக்கட்டுவரை இரண்டு கைகள். அதற்கு மேலே கேமரா போகவில்லை. டீ வேணுமா என்று கேட்கும் குரல் மட்டும் எல்லாக் கிளிப்பிலும் தெளிவாக இருந்தது. கம்ப்யூட்டர் வெட்டியது ஓரத்தை மட்டும்தான். அவளை ஓரத்தில் நிறுத்திவைத்தது யார் என்று தணிக்கை செய்ய அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

கடைசியில் ஒரே ஒரு கிளிப் கிடைத்தது. கேமரா வாங்கிய அன்று, அது ஓடுவது தெரியாமல் மேசைமேல் வைத்திருக்கிறார். மனைவி குனிந்து லென்ஸுக்குள் பார்க்கிறாள். "ஏங்க, சிவப்பு லைட் எரியுதே, ஓடுதா இது? நிறுத்துங்க, நான் இன்னும் மூஞ்சியே கழுவல." அவ்வளவுதான். அவர் அவளுடைய மூக்கு நுனியில் புள்ளியை வைத்து அழுத்தினார்.

தோளும் கையும் வந்து சேர்ந்தன. அன்று முதல் அவள் அசைவதில்லை. மற்றதெல்லாம் அவளைச் சுற்றி அசைந்தன. அவள் தண்ணீர் குடிக்க நினைத்தால் சமையலறை வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும். படுக்க நினைத்தால் கட்டில் வரும். திருமண நாளன்று விருந்தினர்கள் நாற்காலிகளோடு அவளை மெதுவாகச் சுற்றிவந்தார்கள். திரையும் சுற்றியதால் படத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. நடுவில் நின்றவளிடம் கணவர் கடந்துபோகும்போது, "மன்னிச்சுக்கோ" என்றார். "எதுக்கு, தோளுக்கா?" என்று அவள் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் வீடு அவரை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. அடுத்த சுற்றில் வந்தபோது, "அதுக்கு மட்டும் இல்ல" என்றார். "சரி, எல்லாரும் சாப்பிட்ட தட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றாள் அவள்.

கீழ்வீட்டுக்காரர் மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டுக்கொண்டார். மகள் கல்யாணமாகி, லீவில் பிள்ளைகளோடு வருகிறாள். பிள்ளைகளுக்கு அந்த வீடு பிடித்திருக்கிறது. கணவர் இப்போது ஓரமாகவே நிற்கிறார், அங்கே பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது. தலைசுற்றலுக்குக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை சாப்பிடுகிறார்.