பூக்காத செடிக்கு நான்கு படங்கள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது இலக்கிய ஆர்வத்தால் அல்ல, மனசு உறுத்தியதால். ஒரு பூச்செடி விஷயத்தில் நான்கு வருடங்களாக ஒரு பொய் ஓடிக்கொண்டிருக்கிறது. பொய் பவுனம்மாளுடையது. அதற்குப் படம் தேடிக் கொடுத்தவன் நான்.

ஒரு பத்திரிகையில், 'வீட்டுக்குள் கிளைவியா வளர்த்துப் பூக்க வைப்பது எப்படி' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். இப்படி வந்தது:

[தென்னாப்பிரிக்கக் காட்டு நிழலில் பிறந்த கிளைவியா, நம் வரவேற்பறைக்கு அழகு சேர்த்து...]

அடித்துவிட்டேன். எங்கள் தெருவில் யார் வீட்டில் வரவேற்பறை இருக்கிறது? கதவைத் திறந்தால் கட்டில், கட்டிலைத் தாண்டினால் அடுப்பு. கட்டுரை வேண்டாம், கதையாகவே எழுதுவோம் என்று மறுபடி ஆரம்பித்தேன்:

[அதிகாலை உப்புக் காற்றில் பவுனம்மாளின் மூக்குத்தி மின்ன...]

இதையும் அடித்துவிட்டேன். அவர் மூக்குத்தி போடுவதில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அதிகாலையில் வீசுவது உப்புக் காற்றும் அல்ல, டீசல் புகை.

2.

நடந்ததைச் சொல்கிறேன். பவுனம்மாள் காசிமேட்டில் மீன் விற்பவர். அறுபது வயது இருக்கும். நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். ரூத் டீச்சர் ராயபுரத்துக்காரர், முப்பது வருடம் அவரிடம் மட்டுமே மீன் வாங்கியவர். டீச்சர் வீட்டைக் காலி செய்துகொண்டு மெல்பர்னில் இருக்கும் மகனிடம் போனபோது, கிளைவியாத் தொட்டியைப் பவுனம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். பட்டைப் பட்டையாகக் கரும்பச்சை இலைகள். வருடத்துக்கு ஒரு முறை நடுவில் ஒரு தண்டு கிளம்பி, அதன் தலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்துப் பூக்கும். டீச்சர் வீட்டில் அது ஒரு வருடமும் தவறியதில்லை.

"தண்ணி கம்மியா ஊத்து பவுனு" என்று மட்டும் டீச்சர் சொல்லியிருந்தார். அதைக் கஞ்சத்தனம் என்று பவுனம்மாள் எடுத்துக்கொண்டார். தினமும் மீன் கழுவிய தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார். இலை கொழுத்தது. பூ மட்டும் இல்லை. அடுத்த மார்ச்சில் டீச்சர் வாட்ஸப்பில் கேட்டார்: "பவுனு, செடி பூத்துச்சா?"

பவுனம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"நைனா, பூக்கலன்னு சொன்னா டீச்சரு மன்சு ஒட்ஞ்சிடும். ஒரு போட்டோ தேடிக் குடு."

கொடுத்தேன். இல்லாததை இருப்பதாகச் சொல்லித்தான் எனக்குப் பிழைப்பு. நான்கு வருடம், நான்கு படம்.*

* மூன்றாம் வருடப் படத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். டீச்சர் 'அழகா இருக்கு' என்று பதில் போட்டார்.

3.

எழுதிக்கொண்டே இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குப் பவுனம்மாள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கூடையில் முந்தின நாள் மீன் இருந்தால், "இது நேத்து மீனு, உனுக்கு வாணாம்" என்று தானே சொல்லித் திருப்பி அனுப்புகிறவர். அப்படிப்பட்டவர் ஒரு பூவுக்காகப் பொய் சொல்வாரா? பாத்திரம் ஒட்டவில்லை. நேரே போய்க் கேட்டேன். சங்கரா மீனைச் செதில் உரித்துக்கொண்டிருந்தார்.

"மீனுல பொய் சொன்னா துன்றவன் வவுறு கெட்டுடும். பூவுல சொன்னா இன்னா கெடப்போதுன்னு நென்ச்சேன்."

"இப்ப?"

"இப்ப டீச்சரு வர்து."

இந்த மார்ச்சில் வந்த குரல்பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். "ஆகஸ்ட் கடைசில வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்கு வர்றேன் பவுனு. உன் வீட்டுக்கு வந்து என் செடியைப் பாக்கணும். எழுபத்தொன்பது ஆகுது. இதுக்கப்புறம் என்னால வர முடியாது."

பவுனம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். "முப்பது வருசத்துல என் கூடையில கைய வுட்டு, மீனு புச்சான்னு செவுள தூக்கிப் பாக்காத ஒரே ஆளு அது, நைனா. நா சொன்னா வாங்கினு பூடும். அது மூஞ்சில நா எப்டி முயிப்பேன்?"

பாத்திரம் ஒட்டிக்கொண்டது.

4.

பரிகாரமாகக் கொஞ்சம் படித்தேன். கிளைவியா பூக்க வேண்டுமானால் ஆறேழு வாரம் பத்து, பன்னிரண்டு டிகிரிக் குளிரில் கிடக்க வேண்டும். தண்ணீர் ஏறக்குறைய கூடாது. டீச்சர் வீட்டில் தொட்டி இருந்தது படுக்கையறை ஏசிக்கு அடியில். மகராசிக்கே அந்த ரகசியம் தெரியாது. என் ஏசியோ, இருக்கிறது என்று பெயர்.

வழி கண்டுபிடித்தது நான் என்று எழுத ஆசைதான். கண்டுபிடித்தது பவுனம்மாள். ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளான லாஞ்சுகளை அறுபத்தொரு நாள் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஐஸ் கம்பெனியில் கூட்டம் இருக்காது. அங்கே மெஷின் பார்க்கும் மொஹ்சின் பவுனம்மாளுக்குப் பழக்கம். தொட்டியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு நாங்கள் போய் இறங்கியதும் அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"செடிய ஐஸ்ல வெக்கிறதா? பவுனக்கா, வெயில்ல மண்ட காஞ்சி பூட்ச்சா?"

"உள்ள யாரு வெக்க சொன்னா? செத்துடும். நீ குந்தினு டீ குடிக்கிறியே, அந்த முன் ரூம்ல வெய்யி."

முன் அறையில் வெப்பமானி பதினொன்று காட்டியது. ஒரு டியூப்லைட்டும் எரிந்தது. மொஹ்சின் தலையைச் சொறிந்தார். "சரி. பூத்துச்சின்னா டீச்சர்கிட்ட என் பேரும் சொல்லணும்."

அந்த அறுபத்தொரு நாளை அமர்க்களமாக வருணிக்கத் திட்டம் போட்டிருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. லாஞ்சுகள் கரையில் சும்மா கிடந்தன, செடி குளிரில் சும்மா கிடந்தது. பவுனம்மாள் மட்டும் தினமும் போய், யாராவது பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றிவிட்டார்களா என்று மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஜூன் பதினான்கில் தொட்டியை வெளியே எடுத்தோம். இரண்டு இலை பழுத்திருந்தது. செடி முழுக்க இறால் வாசனை.

(ஐந்தாம் பகுதி இல்லை. அதில் மொஹ்சினுக்கு ஒரு காதல் வைத்திருந்தேன். படிக்கச் சொல்லிக் கேட்ட பவுனம்மாள், "அவனுக்கு மூணு புள்ள கீது, குடும்பத்த கெடுக்காத" என்றார். எடுத்துவிட்டேன்.)

6.

ஜூலை போயிற்று. பூ வரவில்லை. கதைக்கு முடிவு வேண்டுமே என்று மூன்று எழுதி அவருக்குப் படித்துக் காட்டினேன்.

முடிவு அ: டீச்சர் வாசற்படியில் கால் வைக்கிற அதே நாளில் கொத்தாகப் பூக்கிறது. பவுனம்மாள் சொன்னது: "பீலா."

முடிவு ஆ: பனி பெய்த படத்தைப் பார்த்தபோதே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுகிறார், இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இதை நான் கொஞ்சம் நன்றாகவே எழுதியிருந்தேன். பவுனம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்: "நா இன்னும் சொல்லவே இல்ல. அதுக்குள்ள அது எத்த மன்னிக்குது?"

முடிவு இ: எழுத்தாளன் ஊட்டிக்குப் போய், பூத்திருக்கும் கிளைவியா ஒன்றை வாங்கிவந்து தொட்டியை மாற்றி வைக்கிறான். [இது கதைக்காக எழுதியது அல்ல. பஸ் நேரமே பார்த்து வைத்திருந்தேன்.]

"கலீஜ் பண்ணாத நைனா. நாலு வாட்டி பண்ணது பத்தல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே வெட்கம்.

7.

நேற்றுக் காலை பவுனம்மாள் என்னைக் கீழே கூப்பிட்டார். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, மீனின் செவுளைத் தூக்குகிற மாதிரி, கட்டைவிரலால் நடு இலைகளை விலக்கினார். அடியில் வெளிர்பச்சையாக ஒரு நுனி தெரிந்தது. மொட்டாக இருக்கலாம். புது இலையாகவும் இருக்கலாம். இவ்வளவு சின்னதாக இருக்கும்போது எனக்கு வித்தியாசம் தெரியாது.

நான் துள்ளினேன். "மொட்டுதான் அக்கா. டீச்சர் வர இன்னும் மூணு வாரம் இருக்கு. சரியா பூத்துடும். நீங்க எதுவும் சொல்ல வேணாம். யாருக்கும் எதுவும் தெரியாது."

அவர் இலைகளிலிருந்து விரலை எடுத்தார்.

"ஒரு போட்டோ எடு."

"எதை?"

"செடிய. கீற மாரியே எடு."

எடுத்தேன். காரை போன சுவர், விளிம்பு உடைந்த தொட்டி, பழுத்த இரண்டு இலை. படம் போய்ச் சேர்ந்ததும் போனை என்னிடமிருந்து வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அவரே பேசினார்.

"டீச்சரம்மா, பவுனு பேசறேன். இதான் உன் செடி. என் வூட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரு வாட்டி கூட பூக்கல. நாலு வருசமா நா அனுப்னது வேற யாரு வூட்டுதோ. நேத்து மீன இன்னிக்கி மீனுன்னு உனுக்கு குட்த்துட்டேன். இப்ப உள்ள இன்னாவோ ஒண்ணு கீது. பூவா எலையான்னு தெரில. பூத்துடும்னு நம்பி கம்முனு இருந்தா, அது அஞ்சாவது பொய். நீ வா. வந்து நீயே செவுள தூக்கிப் பாரு."

பொத்தானை விட்டார். குரல் கடைசிவரை நடுங்கவில்லை.

இரண்டு டிக் நீலமானது. டீச்சர் ஏதோ எழுதுவதாகக் காட்டியது. பிறகு நின்றுவிட்டது. இந்த வரியை எழுதும்வரை பதில் இல்லை.

8.

இங்கே ஒரு பதிலை எழுதிவிட என்னால் முடியும். டீச்சரின் குரலில், கண்ணில் நீர் வரும்படி,

[பவுனு, எனக்கு

வேண்டாம்.

காலையில் பவுனம்மாள் கூடையோடு கிளம்பும்போது, "கதய முடிச்சிட்டியா?" என்றார்.

"இல்லக்கா."

"பூக்க வெச்சிட்டியா?"

"இல்ல."

"வெக்காத" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

நான்கு பூக்களை நான் இட்டுக்கட்டியாயிற்று. ஐந்தாவதை என்னிடம் கேட்காதீர்கள். தொட்டி அவர் வீட்டு ஜன்னலில்தான் இருக்கிறது. நான் எது சொன்னாலும் நம்பாமல், இலையை நீங்களே விலக்கிப் பாருங்கள்.