தண்ணீரைப் பார்க்க ஒருவர்

மயிலிட்டித் துறைமுகத்தில் வெயில் ஏறும் முன்பே குகதாசனின் படகு கரை தட்டிவிட்டது. வலையில் சிக்கிய மீன்களைக் கழற்றிக்கொண்டிருந்தவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள் அவன் மனைவி ஜெயனி. கையில் தேநீர், வாயில் ஒரு கேள்வி. ஜெயனியிடம் எந்த நேரமும் ஒரு கேள்வி இருக்கும்.

"இஞ்சாருங்கோ, மலையிலை இருந்து அவ்வளவு தண்ணி இரவு பகலா விழுந்துகொண்டே இருக்குதே, மேலை அது முடியாதோ?"

"எந்த மலையிலை?"

"என்ரை சிநேகிதி நிரோஜா ஃபேஸ்புக்கிலை ஒரு நீர்வீழ்ச்சிப் படம் போட்டிருக்கிறாள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு கேட்டன்."

"கடல் முடியுதோ? அதுமாதிரித்தான் அதுவும். உமக்கு விடிஞ்சாப் போதும், கேள்வி!"

பதில் தெரியாத இடத்தில் குகதாசன் இப்படித்தான் எரிந்து விழுவான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. மாரியில் நல்ல மழை பெய்தால் வலிகாமத்தில் வழுக்கையாறு என்று ஒன்று சில நாள் ஓடும். மற்ற நாட்களில் அதில் மாடு மேயும். எங்கள் ஆட்களுக்குக் குளிக்கக் கிணறு, புண்ணியத்துக்குக் கீரிமலைக் கேணி, பிழைக்கக் கடல். ஆறு என்பது பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் நீலக் கோடாக வளைந்து போவது.

ஆனால் கடல் என்று வந்தால் குகதாசனை மிஞ்ச ஆளில்லை. சங்கு குளிக்கப் போனால் அவனைப் போல மூச்சடக்க அந்தத் துறையில் ஒருவரும் கிடையாது. வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தானென்றால் போதும், அன்றைய காற்றைச் சொல்லிவிடுவான். அதனாலோ என்னவோ, ‘தெரியாது’ என்ற சொல் மட்டும் அவன் நாக்கில் ஏறுவதே இல்லை.

அவன் மறுபேச்சில்லாமல் கேட்பது ஒரே ஒரு சட்டத்துக்குத்தான். கரையில் நிற்பவர் ஒரு துணியைத் தலைக்கு மேலே சுழற்றினால், காரணம் கேட்காமல் உடனே திரும்பிவிட வேண்டும். கைத்தொலைபேசி வருவதற்கு முந்திய காலத்தில் அவன் தகப்பன் நமசிவாயம் வீட்டாருக்கு வைத்த சட்டம் அது. போன வருடம் கனடாவிலிருந்து விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று ஜெயனி சேலையைச் சுழற்ற, அவன் வலையைப் பாதியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு ஏசிய ஏச்சு துறைமுகம் முழுக்கக் கேட்டது. இனிச் சும்மா சுழற்றுவதில்லை என்று அன்றைக்கு அவள் பிள்ளையார் மேல் சத்தியம் செய்தாள்.

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் கிளம்பித் தொழில் மந்தமாகக் கிடந்த ஒரு கிழமையில், நீர்வீழ்ச்சியை நேரில் பார்க்கும் அவள் ஆசை நிறைவேறியது. நெல்லியடியில் வேலை செய்யும் அவள் தம்பி யதுசன் வாடகைக்கு ஒரு வானைப் பிடித்தான். யதுசனும் அவன் மனைவி தனுசியாவும், குகதாசனும் ஜெயனியும் மலைநாட்டுக்குப் புறப்பட்டார்கள். மலைக் காட்டுக்குள்ளே ஒரு தேசியப் பூங்கா. அதற்குள் நடந்து போனால் ஒரு பெரிய நீர்வீழ்ச்சி. போகிற வழியெல்லாம் ஜெயனியின் வாய் மூடவில்லை. இந்த மரத்துக்குப் பெயர் என்ன, மேகம் ஏன் ரோட்டில் இறங்கிக் கிடக்கிறது, இந்தக் குளிரில் மாடுகள் எப்படி நிற்கின்றன? பதில் சொல்ல ஆளில்லாவிட்டாலும் அவளுக்கு அலுப்பில்லை. கேட்பதே அவளுக்குப் பாதி விடை.

பூங்கா வாசலில் பைகளைத் திறந்து பொலித்தீன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பொலித்தீனில் கட்டிக் கொண்டுவந்த மிக்சர், பேப்பரைச் சுருட்டிய சரைக்கு மாறியதில் தனுசியாவுக்கு மனத்தாங்கல். "எங்கடை ஊர்க் கடற்கரையிலையும் ஒரு ஆளை இப்பிடி நிப்பாட்டினால் எப்பிடி இருக்கும்?" என்று ஜெயனி கேட்டாள்.

காட்டுப் பாதை ஈரமாக இருந்தது. மரங்கள் தாடி வளர்த்ததுபோலப் பாசி பிடித்து நின்றன. யதுசனின் காலில் அட்டை ஏறி, அவன் ஒற்றைக் காலில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எல்லோரும் வயிறு நோகச் சிரித்தார்கள். பாதையோரமாக ஆறு கூடவே வந்தது. ஜெயனி குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள்.

"ஐயோ, இளநி மாதிரி இருக்குது! இப்பிடி நல்ல தண்ணி சும்மா ஓடிப் போகுதே!"

சிரிக்க ஒன்றுமில்லை. அவள் வீட்டுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீருக்குப் பவுசர் வண்டி வரும்வரை குடத்தோடு காத்து நிற்பவளுக்கு, அத்தனை நல்ல தண்ணீர் ஆருக்கும் வேண்டாததுபோல ஓடுவதைக் கண்டால் நெஞ்சு பதறத்தானே செய்யும்?

நீர்வீழ்ச்சியைக் கண்டதும் அவள் அண்ணாந்தபடியே நின்றுவிட்டாள். பாறை உச்சியிலிருந்து வெள்ளை வெளேரென்று விழுந்து, கீழே ஒரு குளம்போலத் தேங்கி, கற்களுக்கிடையே நெளிந்து ஓடியது தண்ணீர். குளத்துக்கு முன்னால் மூன்று மொழியிலும் பலகை நட்டிருந்தார்கள்: ‘நீராடுவது ஆபத்தானது.’ பலகையைத் தாண்டிப் போன காலடிகளால் அந்த இடத்துப் புல் தேய்ந்து கிடந்தது. அதைக் கண்டால் போகாதவனும் போவான்.

"அத்தான், ஒரு பாய்ச்சல் பாயுங்கோ. வீடியோ எடுத்துப் போடுவம். மயிலிட்டியான் ஆரெண்டு சனம் பாக்கட்டும்" என்றான் யதுசன்.

"பலகையிலை என்ன எழுதியிருக்குது எண்டு பாத்தனீங்களோ?" என்றாள் ஜெயனி.

"உது நீந்தத் தெரியாத ஆக்களுக்கு எழுதினது. கடலுக்கை கிடக்கிறவனுக்கு உந்தக் கேணி ஒரு கேணியோ?" குகதாசன் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தான். வானம் கழுவிவிட்டதுபோல நீலமாக இருந்தது. "மேகமும் இல்லை, காத்தும் இல்லை. பயப்பிட ஒண்டுமில்லை."

போட்டிருந்த சேட்டைக் கழற்றிவிட்டு, குளத்தின் நடுவே துருத்திக்கொண்டு நின்ற பாறையில் ஏறிப் பாய்ந்தான். தனுசியா கைதட்டினாள். யதுசன் படம் பிடித்தான். குகதாசன் நீருக்கு மேலே வந்து, தலையைச் சிலுப்பிச் சிரித்தான். தண்ணீர் தன்னைக் கடல்போலத் தாங்கவில்லை, கையைக் கொஞ்சம் ஓயவிட்டாலும் உடம்பு கீழே போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அதை வெளியில் காட்டுவானா? மறுபடியும் பாறையில் ஏறினான்.

ஜெயனி கரையோரத்தில் ஒரு தட்டைக் கல்லில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுழியில் சுற்றும் ஒரு பழுத்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏன் ஓடிப் போகாமல் ஒரே இடத்தில் சுற்றுகிறது? அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இலை சுழியை விட்டு விலகி விருட்டென்று போனது. பின்னால் இன்னும் இலைகள் வந்தன. சுள்ளிகள் வந்தன. அடியில் கிடந்த கல்லெல்லாம் தெரிந்த தண்ணீர் வெறுந்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. திரும்பிப் பார்த்தால் தட்டைக் கல் தண்ணீருக்குள் போயிருந்தது; அதன் மேலிருந்த செருப்பைக் காணவில்லை.

இங்கே மழையில்லை. அப்படியானால் இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? ஊரில் அவள் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். இப்போது அதன் விடை முதுகுத்தண்டில் குளிராக ஏறியது. மழை வேறெங்கோ பெய்கிறது. மேலே, அவர்கள் கண்ணுக்கு எட்டாத மலையில்.

"இஞ்சாருங்கோ! வெளியிலை வாங்கோ!" என்று கத்தினாள். நீர்வீழ்ச்சியின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. குகதாசன் பாறையில் நின்றபடி, பயப்படாதே என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டுப் பாய்ந்தான்.

"அக்கா, சும்மா இருங்கோ. வீடியோவிலை உங்கடை சத்தம்தான் விழும்" என்றான் யதுசன்.

அவள் அவனோடு கதைத்துக்கொண்டு நிற்கவில்லை. தோளில் கிடந்த துப்பட்டாவை உருவி, தலைக்கு மேலே சுழற்றினாள். கை வலிக்கச் சுழற்றினாள்.

தண்ணீருக்கு மேலே வந்த குகதாசன் அதைக் கண்டான். மூளை யோசிப்பதற்கு முன்பே உடம்பு கரைப்பக்கம் திரும்பிவிட்டது. எத்தனையோ வருடப் பழக்கம் அது. ஆனால் கரை கிட்ட வருவதாக இல்லை. நுரைக்குள் கை வீசினால் ஒன்றுமே அகப்படவில்லை. ஆறு அவனைப் பக்கவாட்டில் இழுத்தது. முழங்கால் ஒரு கல்லில் மோதியது. யதுசனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. தொலைபேசியைத் தனுசியாவிடம் எறிந்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அத்தானின் மணிக்கட்டைப் பிடித்தான். அவனை ஜெயனி பிடித்தாள். மூன்று பேருமாக விழுந்து எழும்பி மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, குகதாசன் ஏறிப் பாய்ந்த பாறை அங்கே இல்லை. அதன்மேல் சேறாக ஆறு ஓடிக்கொண்டிருந்தது. வானம் அப்போதும் நீலமாகவே இருந்தது.

திரும்பும்போது வாசலில் நின்ற உத்தியோகத்தரிடம் ஜெயனிதான் கேட்டாள். அந்தத் தண்ணீர் மேலே அடுத்த மலையிலிருந்து வருகிறதாம். அங்கே காலையிலிருந்து மழையாம். பலகை நட்டதே அதற்காகத்தானாம். குகதாசன் வானுக்குள் ஏறி உட்கார்ந்து, ஊர் வரும்வரை முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஊருக்கு வந்தால் கதை வேறு. யதுசன் வீடியோவைப் போட்டுவிட்டான். துண்டு துண்டாக வெட்டி, பாட்டுச் சேர்த்து, ‘கடல் ராசா மலையிலே’ என்று பெயரும் வைத்திருந்தான். பாறையில் ஏறுவது, பாய்வது, சிரிப்பது எல்லாம் அதில் இருந்தன. கலங்கிய தண்ணீர் இல்லை. துப்பட்டா இல்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது இல்லை. துறைமுகத்தில் கண்டவர்களெல்லாம் குகதாசனின் முதுகில் தட்டினார்கள். அவனும் ஓம் ஓம் என்று தலையாட்டிச் சிரித்துக்கொண்டான். ஆருக்குத்தான் புகழ் கசக்கும்?

ஒரு மாலை அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்க, ஜெயனி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எங்கடை துறைமுகத்து இளம் பெடியன் கஜீவனும் மற்றப் பெடியளும் ஞாயிற்றுக்கிழமை அங்கை போறாங்களாம். வான் பேசியாச்சாம். உங்களை மாதிரி அந்தப் பாறையிலை இருந்து பாய்ஞ்சு வீடியோ எடுக்கப்போறாங்களாம்."

"போகட்டும். எல்லாம் நீந்தத் தெரிஞ்ச பெடியள்தானே."

"நீந்தத் தெரிஞ்ச பெடியள்தான்." அவள் கறிச் சட்டியை அவன் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டாள். "அவங்களுக்கு ஆர் துணி சுத்துறது?"

குகதாசனின் கை சோற்றிலேயே நின்றது. எரிந்து விழத்தான் வாய் திறந்தான். அதற்குள் கஜீவனின் சிரித்த முகமும் சேறாக ஓடிய ஆறும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"எனக்குத் தெரியாது ஜெயனி" என்றான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தச் சொல்லை அவன் வாயால் அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

கையைக் கழுவிவிட்டு நேரே துறைமுகத்துக்கு நடந்தான். ஜெயனியும் பின்னால் போனாள். படகுகளுக்குப் பக்கத்தில் பெடியள் கூடி நின்று பயணக் கதைதான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் கஜீவன், "ராசா வாறார்!" என்று விசிலடித்தான்.

"ராசாவும் இல்லை, கூசாவும் இல்லை" என்றான் குகதாசன். "நான் அண்டைக்குச் சாகக் கிடந்தனான்ரா."

விசில் நின்றது. அவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். நீல வானத்தை நம்பியதைச் சொன்னான். உப்பில்லாத தண்ணீர் ஆளைத் தாங்காததைச் சொன்னான். நுரைக்குள் கை வீசி வீசி ஓய்ந்ததைச் சொன்னான். காற்சட்டையைச் சுருட்டி, இன்னும் வீங்கியிருந்த முழங்காலைக் காட்டினான். எல்லோர் முன்னிலையிலும் யதுசனுக்குத் தொலைபேசி எடுத்து, வீடியோவை உடனே அழிக்கச் சொன்னான்.

"அப்ப எங்களைப் போகவேண்டாம் எண்டு சொல்லுறியளோ அண்ணை?" என்று கேட்டான் கஜீவன். அவன் முகம் வாடிப்போயிருந்தது.

"ஆர் சொன்னது? போங்கோ. கட்டாயம் பாக்கவேண்டிய இடம். நாள் முழுக்க நிண்டு பாத்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் பலகை நட்ட இடத்திலை கால் வையாதேங்கோ. குளிக்கலாம் எண்டு விட்ட இடத்திலையும் ஒருத்தன் கரையிலை நிக்கவேணும். அவன் ஃபோனைப் பாக்கக் கூடாது, தண்ணியைத்தான் பாக்கவேணும். அவன் துணியைச் சுத்தினால் ஏன் எதுக்கு எண்டு கேளாமல் ஏறவேணும்."

"சரி அண்ணை, ஆனால் ஆகாயம் வெளிச்சிருக்கேக்கை மேலை மழை பெய்யுதெண்டு கரையிலை நிக்கிறவன் எப்பிடி அறியிறது? தண்ணி எப்பிடி மாறும்?"

குகதாசன் திரும்பி மனைவியைப் பார்த்தான். பிறகு கஜீவனின் தோளில் கை போட்டான்.

"உதை இவவிட்டைக் கேள், சொல்லுவா. கேள்வி கேக்கத் தெரிஞ்ச நீதான்ரா கரையிலை நிக்கச் சரியான ஆள். இவ கேள்வி கேக்கிற நேரமெல்லாம் நான் ஏசினனான். அந்தக் கேள்விதான் என்னை உயிரோடை வீட்டை கொண்டுவந்து சேர்த்தது. தெரியாத தண்ணியிலை வீரம் காட்டாதேங்கோ. எனக்குத் தெரியாது எண்டு சொல்லுறதிலை ஒரு வெக்கமும் இல்லை. அதைச் சொல்ல வெக்கப்பட்டவனைத்தான் நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவினம்."