குடும்பக் காரணம்

காலையிலிருந்து பைல் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். மூன்று முறையும் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தாள். மருந்து அடைக்கும் அந்தக் கம்பெனியின் பணியாளர் பிரிவில் ஒன்பது வருடம் பைல்களோடு குப்பை கொட்டியவள். மதியத்துக்குள் பணி நிரந்தரம் பெறப் போகிறவர்களின் பட்டியல் கையெழுத்தாக வேண்டும். பன்னிரண்டு பெயர்களில் சிவப்புப் புள்ளி. அதில் ஒருத்தி அவளுடைய நாத்தனார்.

யார் வேலையை விட்டுப் போவார்கள் என்று புது மென்பொருள் முன்கூட்டியே சொல்லுமாம். சிவப்பு விழுந்தால் நிரந்தரம் கிடையாது. பெரிய ஜோசியர் வந்துவிட்டார்!

"எதை வச்சு சார் சொல்லுது? அவ எங்கயும் போக மாட்டா" என்று கம்ப்யூட்டர்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பதிஞ்சதை வச்சுதான் மேடம். விட்டுப்போன நாப்பது பேர்ல முப்பத்தாறு பேருக்குக் குடும்பக் காரணம்னு போட்டிருக்கீங்க. அதைப் படிச்சுதான் கத்துக்கிச்சு. வீட்டு விஷயமா லீவு போட்டா, ஆள் போயிடும்னு முடிவு பண்ணுது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட கடவுளே! அவர்கள் ஓடியது குடும்பத்துக்காகவா? மேனேஜரின் வாய்க்குப் பயந்து அல்லவா ஓடினார்கள்! ராஜினாமாக் கடிதங்களில் அதைப் பச்சையாகவே எழுதியும் கொடுத்தார்கள். மேனேஜரைக் குறை சொன்னவர்களுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்காதே என்று, இவள்தான் கடிதங்களைப் பீரோவில் பூட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் மழுப்பி வைத்தாள். நல்லது செய்வதாக நினைப்பு!

நாத்தனார் லீவு போட்டது மட்டும் யாருக்காக? மாமியாருக்கு ஆப்பரேஷன் நடந்தபோது, "நீங்க ஆபீஸைப் பாருங்க அண்ணி, அம்மாவை நான் பாத்துக்கறேன்" என்று ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இவள் எழுந்தாள். நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"காரணமெல்லாம் நான் தப்பாப் பதிஞ்சுட்டேன் சார். கடிதத்துல இருக்கறபடி திருத்தணும்."

கடிதங்களில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? "பழைய குப்பையை எதுக்குக் கிளறறீங்க? உங்க நாத்தனார் பேரை நானே கையால சேத்துடறேன். ஆளை விடுங்க."

பொய் சொல்வானேன், அவளுக்குச் சபலம் தட்டியது. வீட்டிலும் நிம்மதி, இங்கேயும் வம்பில்லை. தலையைக்கூட ஆட்டிவிட்டாள். வாசல்வரை வந்து திரும்பினாள்.

"மத்த பதினோரு பேரு சார்?"

"மெஷின் சொல்லுது, நான் என்ன பண்றது?"

மெஷினா சொல்லுது? அவளுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடமாக அவள் சொன்னதைத்தானே அது திருப்பிச் சொல்கிறது! அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. விறுவிறுவென்று போய்ப் பீரோவைத் திறந்தாள். நாற்பது கடிதங்களையும் அள்ளிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர்காரர் மேஜையில் போட்டாள். "நான் வாசிக்கறேன். ஒரு எழுத்து விடாம ஏத்துங்க."

இரண்டு மணி நேரம் வாசித்தாள். தொண்டை கட்டிவிட்டது. கம்ப்யூட்டர்காரர் கம்பெனி ஆட்கள் எல்லோர் பெயரையும் போட்டு மறுபடி ஓடவிட்டார். பன்னிரண்டு புள்ளிகளும் மறைந்தன. மேனேஜருக்கு நேர்கீழே மிச்சமிருந்த ஒரே ஆளுக்கு மட்டும் புதிதாக ஒரு சிவப்பு விழுந்தது. அவளுடைய பெயர்.

"ஐயோ மேடம், இது ஏதோ தப்பு" என்றார் அவர்.

"இல்ல சார்" என்றாள் பைல் அக்கா, பாதி டம்ளர் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு. "இப்பதான் சரியாச் சொல்லுது."