ஜன்னலைப் பார்த்த பிள்ளை

குழந்தைகள் பிரிவுக்கு முதல் நாள் வந்த மாணவர்களிடம் டாக்டர் திருமலை, ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிப் பையில் வைக்கச் சொன்னார்.

"கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. குழந்தையத் தொடறதுக்கு முன்னாடி அது எங்க பாக்குதுன்னு பாருங்க. கொஞ்சம் முடியாத குழந்தை அம்மாவப் பாக்கும். ரொம்ப முடியாத குழந்தை எதையுமே பாக்காது."

"பொம்மையப் பார்த்தா சார்?" என்றான் தினேஷ்குமார்.

"வீட்டுக்கு அனுப்பிடலாம். உன்னப் பார்த்தா மட்டும் அழும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் மேலும் சில சொன்னார். கருவியை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு நெஞ்சில் வையுங்கள். தொண்டையைக் கடைசியில் பாருங்கள், அதற்குப் பிறகு எந்தக் குழந்தையும் உங்களோடு பேசாது. தன் நோயைக் குழந்தையால் சொல்ல முடியாது, தாயைத்தான் கேட்க வேண்டும். தாய் சொல்வதில் பாதி வைத்தியம் இருக்கிறது.

மேகலா எல்லாவற்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டாள். மூக்கண்டப்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். அப்பா ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். வார்டு வாசலில் ஒரு கணம் நின்று, இங்கே யாரையும் என் கையால் நோகவிடாதே என்று மனத்துக்குள் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள். அதைக் கேட்க ஒருவன் இருக்கிறான் என்று அவளுக்குச் சந்தேகமில்லாத நம்பிக்கை.

அவளுக்குக் கொடுத்தது ஜன்னலோரப் படுக்கை. சுவேதா, இன்னும் நான்கு வயது நிறையாத பெண். வலிப்பு வந்து சனிக்கிழமை தூக்கி வந்திருந்தார்கள். இப்போது தேறிவிட்டாள். குளுக்கோஸ் இறங்கிய கையில் பட்டை கட்டியிருந்தது. பக்கத்து ஸ்டூலில் சாந்தம்மா, ராயக்கோட்டைப் பக்கத்தில் தக்காளித் தோட்டம் வைத்திருப்பவள்.

மேகலா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குழந்தை எங்கே பார்க்கிறது?

சுவேதா சாந்தம்மாவைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறித்த பார்வை இல்லை. எதிரில் பேசுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதுபோல, கண் இங்கும் அங்கும் மாறி மாறிப் போயிற்று.

வார்டு முதல் மாடியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரச் சாய்ப்பு, அவ்வளவுதான். அதற்கப்பால் ஆஸ்பத்திரி கேட், நெடுஞ்சாலை, கிரானைட் ஏற்றிக்கொண்டு பெங்களூர்ப் பக்கம் போகும் லாரிகள், தூறலில் சாம்பல் பூசிய குன்று.

மேகலா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க குழந்தைக்கு…"

"அம்மாங்க மேடம். நான்தான் அம்மா."

"கடைசிப் பிள்ளையா?"

"பெரியவனுங்க ரெண்டு பேரும் ஓசூர்ல கம்பெனிக்குப் போறானுங்க. இது சாமி குடுத்தது."

"சொந்தத்துல கல்யாணம் பண்ணீங்களா?"

"இல்லீங்க, அசல்தான்."

"வீட்டுல இதுக்கு முன்னாடி எதாவது குழந்தை தவறியிருக்குதா?"

சாந்தம்மாவின் கை குழந்தையின் காதைப் பொத்தியது. "அப்பிடில்லாம் ஒண்ணும் இல்லீங்க. என் பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்குதுங்க."

"வலிப்பு எப்ப வந்துச்சு?"

"சனிக்கிழமை, தளிகை போடற நேரத்துக்குங்க. முந்தின நாளே வாந்தி எடுத்துச்சு, ஒண்ணும் தங்கல."

புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்குச் சோறு படைத்து, விளக்கேற்றி, கோவிந்தா சொல்லி முடிக்கும்வரை வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். மேகலா வீட்டிலும் அப்படித்தான். அவளுக்கு அதில் கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

அப்போது சுவேதா ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினாள்.

"யாருக்குக் கண்ணு டாட்டா?"

"பாப்பாங்களுக்கு."

"எத்தனை பாப்பா?"

குழந்தை இரண்டு விரலைக் காட்டியது. பட்டை கட்டிய கையால் காட்டியதில் ஒரு விரல் சரியாக நிமிரவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"பசிக்குதாம்."

சாந்தம்மா தெலுங்கில் ஏதோ அதட்டி, குழந்தையின் முகத்தைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள். தான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"காய்ச்சல்ல உளறுது," என்று தினேஷ்குமார் காதோரம் சொன்னான்.

"காய்ச்சல் இல்ல. இப்பத்தான் தொட்டுப் பார்த்தேன்."

"அப்போ உனக்குக் காய்ச்சல்."

மேகலா ஜன்னலருகே போனாள். தகரத்தில் தூறல் சிந்தி, பாசி பச்சையாக மினுங்கியது. அதில் யாருடைய காலும் பட்டதற்கு அடையாளமில்லை. ஆனால் கண்ணாடியில், கீழ்ச் சட்டத்தை ஒட்டி, எலுமிச்சம்பழ அளவில் மூச்சு படிந்த இரண்டு வட்டங்கள் இருந்தன. அவள் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவை போகவில்லை. படிந்திருந்தது வெளிப்பக்கத்தில். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று சுருங்கி மறைந்து, மறுபடி மெல்லப் பெரிதாகியது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தினேஷ்குமார் வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவான்.

அந்த வாரம் முழுக்கத் தூறல் விடவில்லை. மத்தியானம் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் உருண்டு வரும்போதெல்லாம் ஒன்று நடந்தது. எதிர்ப் படுக்கையில் காலையிலிருந்து வீறிட்டுக்கொண்டிருக்கும் கைக்குழந்தை சட்டென்று அடங்கும். மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் பையன் தலையைத் திருப்புவான். வார்டிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலோரப் படுக்கைப் பக்கம் பார்ப்பார்கள். தாய்மார்கள் தட்டை நீட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்திருப்பார்கள். சுவேதா மட்டும் தன் தட்டிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டுவாள். சாந்தம்மா கையைத் தட்டிவிடுவாள்.

பயமாகத்தான் இருந்தது மேகலாவுக்கு. ஆனாலும் பயத்தைவிட அந்த ஒற்றைச் சொல் அவளை உறுத்தியது. பயமுறுத்த வருகிறவர்கள் பசிக்கிறது என்றா சொல்வார்கள்?

வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸில் டாக்டர் திருமலை சுவேதாவின் தாள்களைப் புரட்டினார். வந்த அன்று ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. வாந்தியால் சாப்பிடாமல் இருந்ததால் என்று எழுதியிருந்தது. பிறகு எல்லாம் சரி. மூளைப் படத்தில் குறையில்லை.

"வீட்டுல வேற யாருக்காவது இப்பிடி வந்திருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார். கேட்டுட்டேன்," என்றாள் மேகலா.

"சரி, சாயந்திரம் அனுப்பிடலாம்."

சாந்தம்மா கைகூப்பினாள். "நாளைக்குக் கடைசிச் சனிக்கிழமைங்க. இந்தத் தடவ பிள்ள பேர்ல வேண்டுதல். அதுவும் எங்ககூட ஒரு பொழுது விரதம் இருந்து, விளக்க அது கையாலயே ஏத்தணும்."

சுவேதா ஜன்னலைப் பார்த்து இல்லை இல்லை என்று தலையசைத்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

மத்தியானம் மேகலா டீ குடிக்க ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்தாள். புங்க மரத்தடியில் ஒரு பெண் நனைந்துகொண்டு நின்றாள். வாரம் முழுக்க அவளை அதே இடத்தில் பார்த்திருக்கிறாள். வாட்ச்மேன் மாரிமுத்து சொன்னார்: "உள்ள போம்மான்னா போவ மாட்டேங்குது. கேட்டத் தாண்டி ஒரு அடி வெக்கல. மேலயே பாத்துக்கினு நிக்குது."

மேகலா இன்னொரு டீயும் ஒரு பன்னும் வாங்கிக்கொண்டு போய், குடையை இருவருக்கும் பொதுவாகப் பிடித்தாள். அதிகமாக ஒன்றும் இல்லை, ஒரு டீ, அரைக் குடை. உலகத்தில் பல கதவுகள் இந்த அளவுக்குத்தான் காத்திருக்கின்றன.

அந்தப் பெண் டீயை இரண்டு கையாலும் வாங்கினாள். குடிக்கவில்லை. "மேல, அந்தக் கடைசி ஜன்னல்ல ஒரு பொண்ணு இருக்குதுங்களே. சாப்புடுதுங்களா?"

"சாப்புடுறாளே. நீங்க யாருக்கா?"

"யாரும் இல்லீங்க."

"வாங்க, பார்த்துட்டுப் போங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"நான் வரக்கூடாதுங்க."

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மேகலாவுக்குத் தோன்றியது. "நல்லா இருக்கா. சாயந்திரம் வீட்டுக்குப் போறா. நாள் பூரா ஜன்னலோட பேச்சுதான். ரெண்டு பாப்பா வந்து நிக்கிறாங்களாம், பசிக்குதுன்னு சொல்றாங்களாம்."

டீ டம்ளர் கீழே விழுந்தது. அந்தப் பெண் அதை எடுக்கக் குனியாமல் மேலே அந்த ஜன்னலையே பார்த்தாள்.

"மூத்தது பையங்க," என்றாள். "புரட்டாசிச் சனிக்கிழமை. மொத நாள் ராத்திரியே சாப்பிடாம தூங்கிட்டான். காலையில எழுந்து, பசிக்குதும்மான்னான். இரு கண்ணு, சாமிக்கு வெச்சுட்டுத் தர்றேன்னேன். தளிகை போட்டுட்டுத் திரும்பிப் பாக்கறேன், வெட்டி வெட்டி இழுக்குது. அடுத்தது பொண்ணு. அதுவும் புரட்டாசிதான். வயித்தால போயி ஒரு நாள் பூரா ஒண்ணும் எறங்கல. விடிஞ்சு எழுப்பினா எழுந்திரிக்கல."

"சுவேதா உங்க பொண்ணா?"

அவள் சட்டென்று மேகலாவின் வாயைப் பொத்தினாள்.

வீரலட்சுமி என்பது அவள் பெயர். மூன்றாவது பிறந்ததும் பக்கத்துத் தோட்டத்துச் சாந்தம்மாவிடம் ஒரு முறம் தவிடு வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற வழக்கம் அது. விற்ற பிள்ளை தன்னுடையது என்று பெற்றவள் சொல்லக் கூடாது. சொன்னால் எமன் அடையாளம் கண்டுகொள்வான். மற்ற மாதங்களில் பிள்ளை இவள் மடியிலேயே வளரும். புரட்டாசி பிறந்தால் சாந்தம்மா வீட்டுக்குப் போய்விடும். ஒரே கூரையின் கீழ் இவள் நிற்கவும் கூடாது.

"உங்க வீட்டுக்காரர் சொந்தமா?"

"என் தாய்மாமனுங்க."

மேகலா குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு மழையில் ஓடினாள்.

டாக்டர் திருமலை முழுவதையும் கேட்டார். பசிக்கிறது என்று சொல்லும் பாப்பாக்களைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சில குழந்தைங்களுக்கு உடம்புல சேத்து வெச்சதை எடுத்துச் செலவு பண்ணத் தெரியாது. பொறப்புலயே வர்ற குறை. சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரை இறங்கிடும். நெருங்கின சொந்தத்துல அதிகம். பெங்களூருக்கு ரத்தம் அனுப்பிப் பார்க்கணும். அதுவரைக்கும் ஒரு வேளைகூடப் பட்டினி கூடாது. டிஸ்சார்ஜ நிறுத்து."

சாந்தம்மா பையைக் கட்டி முடித்திருந்தாள். குழந்தைக்கு வெளியே போகும் கவுன் போட்டிருந்தது.

"இருக்க முடியாதுங்க. வேண்டுதலு."

"சாந்தம்மாக்கா," என்று மேகலா தரையில் உட்கார்ந்தாள். "கேட்ல நிக்கிறவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

சாந்தம்மாவின் முகம் வெளுத்தது. குழந்தையை இழுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். "அது என் பிள்ளைங்க. தவிடு குடுத்து வாங்கியிருக்கேன். வேற யாரோடதும் இல்ல. யாரும் இங்க வந்து எதுவும் சொல்லக் கூடாது."

வார்டு அமைதியாகிவிட்டது. எதிர்ப் படுக்கைக் குழந்தையும் அடங்கி ஜன்னல் பக்கம் பார்த்தது. அந்த இடத்தில் குளிர்ந்தது. கண்ணாடியின் கீழ்ச் சட்டத்தில் இரண்டு மூச்சு வட்டங்கள் மெல்லப் படிவதைச் சாந்தம்மாவும் பார்த்தாள். இவ்வளவு நாளும் அவள் அந்தப் பக்கம் பாராமல் இருந்தது அவற்றைக் காணாததால் இல்லை என்று மேகலாவுக்குப் புரிந்தது.

பொய் சொன்னீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சாந்தம்மா சொன்னதில் பொய்யும் இல்லை.

"உங்க பிள்ளைதான்க்கா. யாரும் கேக்கல. வாங்கினவங்கதானே சோறு போடணும்? நாளைக்கு விடிஞ்சதும் சாமிக்கு முன்னாடி அவளுக்கு ஊட்டிடுங்க. பெருமாள் கேட்டா மேகலான்னு ஒரு பொண்ணு சொன்னா, அவளக் கேட்டுக்கோன்னு சொல்லிடுங்க. நான் பதில் சொல்லிக்கறேன்."

சாந்தம்மா குழந்தையின் கையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு பையின் முடிச்சை அவிழ்த்தாள். "எங்க பெருமாளு புள்ளைக்கு முன்னாடி சாப்புடற ஆளு இல்லதான்," என்றாள், தனக்கே சொல்வதுபோல.

சனிக்கிழமை விடிந்ததும் மேகலா வந்தபோது ஜன்னலோரப் படுக்கையருகே மூன்று பேர் இருந்தார்கள். வீரலட்சுமி மேலே வந்திருந்தாள். கட்டிலைத் தொடாமல் ஓர் ஓரமாக நின்று கிண்ணத்தில் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள்.

"யாருக்கா இவங்க?" என்று மேகலா கேட்டாள்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரி," என்றாள் சாந்தம்மா சத்தமாக, யாருக்கோ கேட்கட்டும் என்பதுபோல. "என் பிள்ளைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்து ஊட்டறா. அதுல எமனுக்கு என்ன தெரியப் போவுது? ஊட்டுடி, வேடிக்கை பாக்காத."

வீரலட்சுமி ஊட்டினாள். முதல் கவளத்துக்கு அவள் கை வாய்வரை போய் நின்றுவிட்டது. சுவேதாவே எட்டி வாங்கிக்கொண்டாள்.

கிண்ணம் காலியாகும் முன், யாரும் சொல்லாமலே, வீரலட்சுமி ஜன்னலைத் திறந்து இரண்டு கவளம் உருட்டித் தகரத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "சாப்புடுங்க கண்ணுங்களா," என்றாள். சாந்தம்மா தடுக்கவில்லை. மேகலா கண்ணை மூடி ஒரு கணம் நின்றாள். கீழே ஷிப்ட் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போயிற்று. காகம் ஏதும் வரவில்லை. தூறல் மட்டும்.

அவள் கண்ணைத் திறந்தபோது தகரத்தில் ஒரு பருக்கைகூட இல்லை. பாசி கலையவில்லை. கண்ணாடி தெளிவாக இருந்தது.

சுவேதா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாயில் சோற்றோடு, வீரலட்சுமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.